ஞாயிற்றுக்கிழமைக் குழாய்கள்

ஜோஸ்லின் இறந்து பதிமூன்று மாதம் கழித்து அவள் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அந்த போனை நான் அணைத்ததில்லை. தினமும் சார்ஜ் போட்டு வைப்பேன். விளம்பரங்கள்தான் வரும். அன்று ஓர் ஆள் பேசினார்.

“ஏனுங்க, அம்மணிங்களா?”

“இல்லைங்க. அவங்க வீட்டுக்காரர் பேசறேன்.”

“அப்படிங்களா. அம்மணிகிட்டக் குடுங்களேன். சோமனூர் நஞ்சுண்டன்னு சொன்னாத் தெரியுமுங்க. இறால் குட்டைக்காரன்.”

“அவங்க போன வருசம் ஜூன்ல இறந்துட்டாங்க.”

அந்தப் பக்கம் ஏதோ சக்கரம் தண்ணீரை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஐயோ சாமி,” என்றார் பிறகு. “தெரியாமப் போச்சுங்க தம்பி. மன்னிச்சுக்கோங்க.” வைத்துவிட்டார்.

பத்து நிமிடம் கழித்து நானே அழைத்தேன். எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். மறுபடி கேட்டேன். சும்மாதான் என்றார். நான்காவது முறை கேட்டபோது சொன்னார். முதல் குட்டையில் இறால் தீனி எடுக்கவில்லை. தண்ணீரின் மேல் வெள்ளை நூல் போலக் கழிவு மிதக்கிறது. நோய் வந்தால் உடனே கூப்பிடுங்கள், கடையில் மருந்துப் பவுடர் வாங்கிப் போடாதீர்கள் என்று அம்மணி சொல்லியிருந்தாள்.

“அதான் கூப்புட்டேனுங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.”

நான் பீளமேட்டில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியல் பார்க்கிறேன். நுண்ணுயிர் என் வேலை அல்ல. அது ஜோஸ்லினின் வேலை. ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மண்டபம் கடலில் எடுத்த ஒரு கடற்பஞ்சிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தாள். பதினேழாவது மாதிரி. ஜே-17 என்று பெயர் வைத்தாள். இறாலைக் கொல்லும் விப்ரியோ கிருமியை அது வளரவிடாது. அகர் கூழ் உறைந்த தட்டில் விப்ரியோவைப் பரப்பி, நடுவில் ஜே-17ஐ ஒரு சொட்டு வைத்தால், சொட்டைச் சுற்றி வட்டமாகத் தெளிந்துவிடும். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள். மில்லிமீட்டர் மட்டும். வேறு ஒன்றும் எழுத மாட்டாள்.

அவளுக்கு ரத்தத்தில் கிருமி பரவியது. பதினோரு நாள். பரிசோதனை அறிக்கையில் பதினெட்டு மருந்துகளின் பெயர் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே எழுத்து. இந்த மருந்து கேட்காது என்று அர்த்தம். அவளே அதை வாங்கிப் படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்தாள். “நீ படிக்காதே” என்றாள். படித்தேன்.

வீட்டு ஃப்ரிட்ஜில் அவள் வைத்திருந்த ஜே-17 குழாய்கள் நான்கு இருந்தன. சாய்வாக உறைந்த அகர், அதன்மேல் கோடாக பாக்டீரியா. அவள் இருந்தபோது இரண்டு முறை எனக்குப் புதிய குழாய்க்கு மாற்றிக் காட்டியிருக்கிறாள். கம்பியைச் சிவக்கச் சுடு, ஆற விடு, பழைய குழாயில் தொடு, புதியதில் கோடு இழு, பஞ்சை அடை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்றுதான் சொல்லியிருந்தாள்.

நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செய்தேன். காலையில் தெருமுனை ஆலயத்தில் மணி அடிக்கும். முன்பு இருவரும் போவோம். இப்போது மணி அடிக்கும்போது ஸ்பிரிட் விளக்கை ஏற்றுவேன். அகரை பிரஷர் குக்கரில் வேகவைப்பேன். ஈஸ்டும் இறைச்சிப் புரதத் தூளான பெப்டோனும் உப்பும் சேர்ந்து வேகும் வாடை மாடிப்படி இறங்கிப் போகும். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் சென்னகேசவன் முட்டைகூடச் சாப்பிடாதவர்.

“ஏனுங்க தம்பி, மறுபடியும் எலும்பு சூப்புங்களா?”

“இல்லைங்க. மருந்துங்க.”

“எலும்பு வாடை அடிக்குற மருந்தை இப்பத்தானுங்க பாக்குறேன்.”

இப்படி ஏறக்குறைய அறுபது ஞாயிறு. ஒவ்வொரு வாரமும் நான்கு குழாயில் நன்றாக வளர்ந்ததைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து மாற்றுவேன். அவள் இருந்தபோது பழுப்பாக இருந்த கோடு மெல்ல மெல்ல வெளுத்து, தடித்து, பளபளப்பாக வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கை பழகிவிட்டது என்று நினைத்தேன்.

இது தவிர ஒரு குப்பி இருந்தது. கல்லூரியின் ஆழ்குளிர்ப் பெட்டியில், மைனஸ் எண்பது டிகிரியில். ஜோஸ்லின் தன் கையால் கிளிசரினில் போட்டு உறையவைத்தது. மற்ற குப்பிகளெல்லாம் ஆராய்ச்சி முடிவதற்குள் செலவாகிவிட்டன. அவளுக்கு அடுத்து சேர்ந்த ரெபேக்கா அதைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

நஞ்சுண்டன் பேசிய அன்று ரெபேக்காவைப் பார்த்தேன்.

“அண்ணா, அந்தக் குப்பியைத் திறங்க,” என்றாள். “வீட்டுல வச்சிருக்கிறதை நம்பாதீங்க. இத்தனை தடவை மாத்தியிருக்கீங்க. இல்லைன்னா ஒரு தட்டாவது போட்டு வட்டம் வருதான்னு பாத்துட்டுக் கொண்டுபோங்க. நாலு நாள்தான் ஆகும்.”

“நாலு நாள்ல குட்டை போயிரும்.”

“சரி, அப்ப குப்பி. அதைச் சோதிக்க வேண்டியதில்ல. நாளைக்கே ஆரம்பிச்சிரலாம்.”

“குழாய்ல இருக்கறது உயிரோடதான் இருக்கு.”

“உயிரோட இருக்கறது வேற அண்ணா.”

நான் கேட்கவில்லை. அந்தக் குப்பியில் இருப்பது ஜோஸ்லின் தொட்டது. ஒரே ஒரு முறைதான் அதை உருக்க முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. அதிலிருந்து புதிதாக நூறு குப்பி செய்யலாம். எனக்கும் தெரியும்.

மறுநாள் குழாய்களுடன் சோமனூர் போனேன்.

நொய்யல் ஆற்றுப் பக்கம் கிணறுகள் உப்பாகி ரொம்ப வருடமாகிறது. நஞ்சுண்டனின் தென்னைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. தறிகளை விற்றுவிட்டு, எதற்கும் ஆகாத அந்தத் தண்ணீரிலேயே இறால் விட்டார். இரண்டு குட்டை. அடியில் கறுப்புத் தார்ப்பாய், மேலே தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்கள். தறி ஓடிய கொட்டகையில் இப்போது தீனி மூட்டைகள். சுவரில் தறிக்காலத்து எண்ணெய்க்கறை அப்படியே இருந்தது.

அங்கேயே ஒரு டிரம்மில் ஜே-17ஐப் பெருக்கினேன். இரண்டாம் நாள் கலங்கி நுரைத்தது. நஞ்சுண்டன் எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தார்.

“இது தயிருக்கு ஒறை ஊத்துற மாதிரிங்களா தம்பி?”

“கிட்டத்தட்ட அப்படித்தாங்கண்ணா.”

“பாத்தியா பூவாத்தா. எங்கய்யன் இதே கொட்டாய்ல தறிக்குப் பாவு ஓட்டுனாரு. நான் இறாலுக்கு மோர்ப்பந்தல் வெக்கறேன்.”

அவர் மனைவி பூவாத்தாள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மணி இங்கதானுங்க குக்கி உக்காந்து பாட்டில்ல தண்ணி மோப்பாங்க,” என்றார். “சேறு பட்டாக்கூட ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ஏனுங்க தம்பி, உங்களுக்குச் சமையலெல்லாம் யாருங்க?”

“நானேதாங்கக்கா. பரவாயில்லைங்க.”

டிரம்மை முதல் குட்டையில் ஊற்றினோம். கடையில் ஒரு பவுடர் இருப்பதாகப் பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னார் என்றார் நஞ்சுண்டன். போட வேண்டாம் என்றேன். இரண்டும் சேர்ந்தால் இது செத்துவிடும். அதோடு, அந்தப் பவுடரைப் போடப் போட மருந்து கேட்காத கிருமிதான் மிஞ்சும். மனிதர்களுக்கும் அதுதான். இதைச் சொல்லும்போது என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பூவாத்தாள் கணவரின் கையைத் தொட்டார்.

“போடலைங்க,” என்றார் நஞ்சுண்டன். “சொல்லிப்போட்டீங்கல்ல.”

அதன்பின் தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் போன் செய்தேன். பூவாத்தாள்தான் எடுப்பார்.

“எப்படிங்கக்கா இருக்கு?”

“பரவாயில்லைங்க தம்பி.”

“தீனி எடுக்குதுங்களா?”

“கொஞ்சம் கொஞ்சம் எடுக்குதுங்க. நீங்க சாப்டீங்களா?”

ஒன்பது நாள் இதே பேச்சு. எனக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் ஒழுங்காகத் தூங்கினேன். ஜோஸ்லினின் போனிலிருந்து அவள் என் எண்ணுக்கு அனுப்பிய பழைய மில்லிமீட்டர்களை எடுத்துப் பார்த்தேன். 13. 14. 13.5.

பத்தாம் நாள் தண்ணீர் மாதிரி எடுக்கலாம் என்று சொல்லாமல் கிளம்பிப் போனேன்.

தூரத்திலேயே தெரிந்தது. முதல் குட்டையின் சக்கரங்கள் ஓடவில்லை. இறால் இருக்கும் குட்டையில் சக்கரத்தை நிறுத்த முடியாது. கரையில் கொக்குகள் வரிசையாக நின்றன. கொட்டகைக்குப் பின்னால் புதிதாக ஒரு குழி, மேலே சுண்ணாம்பு. சுண்ணாம்பைக் கிளறிக்கொண்டு நான்கைந்து காகங்கள்.

பூவாத்தாள் வலையைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டாவது குட்டையில். என்னைப் பார்த்ததும் எழுந்தார். ஈரக்கையைச் சேலையில் துடைத்தார்.

“வாங்க தம்பி. சொல்லியிருந்தா டிபன் பண்ணியிருப்பேனே.”

“எப்பங்கக்கா?”

கொட்டகையிலிருந்து நஞ்சுண்டன் வந்தார். காதில் பென்சில் இல்லை.

“மூணாம் நாளே கவுந்து போச்சுங்க,” என்றார். “அஞ்சாம் நாள் அள்ளி மாளலைங்க.”

“தினமும் போன் பண்ணினேனே.”

“நீங்க அம்மணி வெச்சுட்டுப் போனதை எடுத்துட்டு வந்தீங்க,” என்றார் பூவாத்தாள். “டிரம் பக்கத்துல ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்தீங்க. அது வேலைக்கு ஆகலைன்னு உங்ககிட்ட எந்த வாயால சொல்றதுங்க?”

“சொல்லியிருந்தா ரெண்டாவது குட்டையவாவது தனியாப் பாத்திருக்கலாமே அக்கா. செத்ததை அள்ளின வலையை அதுல கழுவறீங்க.”

அவர் கையிலிருந்த வலையைப் பார்த்தார். கரையில் வைத்தார். பிறகு அதை எடுத்து இன்னும் தள்ளி வைத்தார்.

“முதல் குட்டைத் தண்ணி நாறுதுங்களே,” என்றார் மெதுவாக.

வெயில் ஏறியிருந்தது. பூவாத்தாள்தான் கேட்டார். “நீங்க எப்படி இருக்கீங்க தம்பி?”

“பரவாயில்லைங்க.”

“நானும் அதேதானுங்க சொன்னேன்.”

கொட்டகை வாசலில் இருந்த தீனி மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான் கொண்டுவந்தது உங்கள் அம்மணி கண்டுபிடித்தது அல்ல. அதிலிருந்து வாராவாரம் நான் மாற்றி மாற்றி வளர்த்தது. அதில் வேலை செய்கிற குணம் எப்போதோ போயிருக்க வேண்டும். உண்மையானது ஒரு குப்பி கல்லூரியில் இருக்கிறது. திறக்கச் சொன்னார்கள். நான் திறக்கவில்லை.

“ஏனுங்க?” என்றார் நஞ்சுண்டன்.

நான் மூட்டையின் தையல் நூலை இழுத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கரைக்குப் போய் முதல் குட்டையைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றார். ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

பூவாத்தாள் தரையைப் பார்த்துச் சொன்னார். “ஒரே மோருல நெதமும் ஒறை ஊத்திக்கிட்டே இருந்தா ஒரு நாளைக்கு வழவழன்னு ஆயிருமுங்க. பாக்கத் தயிராட்டத்தான் இருக்கும். வாயில வெக்க முடியாது. அப்பறம் பக்கத்து ஊட்டுல ஒறை வாங்கியாந்துதான் ஊத்தோணும்.” நிமிர்ந்தார். “அந்தக் குப்பிய எடுத்தா ரெண்டாவது குட்டை பொழைக்குங்களா?”

“தெரியலைங்கக்கா. தயாராக அஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள நோய் வந்துட்டா சொல்ல முடியாது.”

“இப்பவே புடிச்சுரலாமுங்களா?”

“அறுபது நாள் இறால். இன்னும் சின்னது. யாவாரிங்க எடுக்க மாட்டாங்க,” என்றார் நஞ்சுண்டன் திரும்பாமலே.

“அப்ப எடுங்க குப்பிய,” என்றார் பூவாத்தாள் என்னிடம். கேட்கவில்லை. சொன்னார். அவர் வாயிலிருந்து ‘ங்க’வோடு வந்த கட்டளை.

“ஒன்னு மட்டும்,” என்றேன். “தினமும் போன் பண்ணுவேன். தீனித் தட்டுல எவ்வளவு மிச்சம், எத்தனை செத்துக் கிடக்கு. அது மட்டும் சொல்லுங்க. பரவாயில்லைன்னு சொல்லாதீங்க.”

“நீங்களும் சொல்லாதீங்க,” என்றார்.

அன்று மதியமே ரெபேக்கா ஆழ்குளிர்ப் பெட்டியைத் திறந்தாள். வெண்புகை வழிந்தது. இடுக்கியால் குப்பியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கட்டைவிரல் அளவுகூட இல்லை. வெளியே பனி. துடைத்ததும் மார்க்கர் எழுத்து தெரிந்தது. ஜே-17. தேதி. அதன்கீழே சின்னதாக: ஆரோன், கை வைக்காதே.

கல்யாணமான புதிதில் வீட்டு ஃப்ரீஸரிலிருந்து அவள் குப்பிகளை வெளியே எடுத்துவைத்துவிட்டு ஐஸ்கிரீமுக்கு இடம் செய்தேன். மாலைக்குள் எல்லாம் உருகிவிட்டது. அதன்பிறகு எல்லாக் குப்பியிலும் என் பெயரைப் போட்டு இப்படி எழுதுவாள்.

ரெபேக்கா மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். “நான் திறக்கட்டுங்களா அண்ணா?”

“வேண்டாம்,” என்றேன். மூடியைத் திருகினேன்.

இரண்டு நாளில் தட்டில் வளர்ந்தது. சின்னச் சின்னப் புள்ளிகள். பார்க்க ஒன்றும் அழகில்லை. பழுப்பு. பக்கத்தில் என் வீட்டுக் குழாயிலிருந்து போட்ட தட்டு. பெரிது பெரிதாக, வெளுப்பாக, பளபளப்பாக. நஞ்சுண்டன் குட்டையில் பிடித்த விப்ரியோவை வேறு தட்டுகளில் பரப்பி, ஒன்றில் இதையும் ஒன்றில் அதையும் சொட்டு வைத்தோம். மறுநாள் ஸ்கேல் வைத்து அளந்தேன். குப்பியிலிருந்து வந்ததற்கு 13. என்னுடையதற்கு ஒன்றுமில்லை. விப்ரியோ அதன்மேலேயே ஏறி வளர்ந்திருந்தது.

“சத்தான ஆகாரத்துல எதிரியே இல்லாம அறுபது வாரம் இருந்திருக்கு,” என்றாள் ரெபேக்கா. “சண்டை போட்டுக்கிட்டே இருக்கறது மெதுவாத்தான் வளரும். சண்டையை விட்டது வேகமா வளரும். நீங்க ஒவ்வொரு வாரமும் எதை எடுத்தீங்க?”

“நல்லா வளர்ந்ததை.”

அவள் தலையாட்டினாள்.

பூவாத்தாள் சொன்னபடி சொன்னார். முதல் நாள் தீனித் தட்டு காலி. இரண்டாம் நாள் காலி. மூன்றாம் நாள், “கால்வாசி மிச்சங்க.” நான்காம் நாள், “பாதி மிச்சம். ஏழு செத்துக் கெடக்குது.” அவ்வளவுதான். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. ஐந்தாம் நாள், “தட்டு அப்படியே இருக்குதுங்க. நாப்பது வரைக்கும் எண்ணுனேன். அதுக்கு மேல எண்ணலைங்க.”

அன்று டிரம்மை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். இந்தமுறை நுரை பழுப்பாக இருந்தது. கரையைச் சுற்றி நடந்து மூவருமாக ஊற்றினோம். நஞ்சுண்டன் மோர்ப்பந்தல் பற்றி எதுவும் பேசவில்லை.

அடுத்த நாள் செத்தது எழுபது. அதற்கடுத்த நாள் அறுபத்தைந்து. பிறகு ஐம்பது, நாற்பது, பன்னிரண்டு. ஊற்றிய ஒன்பதாம் நாள் மூன்று. தீனித் தட்டு பாதி காலியானது. மூன்று வாரம் கழித்துப் பிடித்தபோது விட்டதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. வலையில் துள்ளியதைப் பார்த்தேன். கண்ணாடி போல உடல், உள்ளே கறுப்புக் கோடாக நிறைந்த குடல். சாப்பிட்ட இறால்.

நஞ்சுண்டன் என் தோளில் கை வைத்தார். “அம்மணி மருந்து கேட்டுருச்சுங்க தம்பி,” என்றார்.

உண்மையாகச் சொல்கிறாரா, என் முகத்துக்காகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. எனக்கே தெரியாது. மருந்து ஊற்றாத ஒரு குட்டை பக்கத்தில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். நோய் தானாகவே அடங்கியிருக்கலாம். சாக வேண்டியதெல்லாம் செத்து முடிந்திருக்கலாம். நான் பூவாத்தாளைப் பார்த்தேன்.

“என்னைக் கேக்காதீங்க,” என்றார். “எண்ணிக்கை சொல்லச் சொன்னீங்க. சொல்லிப்போட்டேன்.”

கிளம்பும்போது ஒரு பையில் இறால் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். வாங்கிக்கொண்டேன். அடுத்த விதை எப்போது விடுவீர்கள் என்று நஞ்சுண்டனிடம் கேட்டேன். விட்டால் சொல்கிறேன் என்றார். விட்டால் என்றுதான் சொன்னார்.

ரெபேக்கா புதிதாக இருபது குப்பிகள் செய்திருந்தாள். அவற்றின் மேல் நான்தான் எழுதினேன். ஜே-17, தேதி. வேறொன்றும் எழுதவில்லை. பழைய குப்பியைக் கழுவலாமா என்று கேட்டாள். மார்க்கர் அழிந்துவிடும். அப்படியே திரும்ப உள்ளே வைக்கச் சொன்னேன். அதில் இப்போது ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. ஸ்பிரிட் விளக்கை ஏற்றவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து நான்கு குழாய்களையும் எடுத்தேன். வெளுப்பாக, தடிப்பாக, நன்றாக இருந்தன. குக்கரில் தண்ணீர் விட்டு உள்ளே நிற்கவைத்து மூடினேன். கெட்டுப்போனதையும் கொன்றுவிட்டுத்தான் வெளியே கொட்ட வேண்டும். அதுவும் அவள் சொன்னதுதான். ஆவி வந்ததும் வெயிட்டைப் போட்டேன். இருபது நிமிடம்.

கீழேயிருந்து சென்னகேசவன் குரல் வந்தது. “தம்பி, சூப்பு ரெடிங்களா?”

“இன்னிக்கோட முடிஞ்சுதுங்க,” என்றேன்.

“அப்படிங்களா. நல்லா இருக்கீங்கல்ல?”

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “இல்லைங்க,” என்றேன்.

அவர் படியில் நின்றது தெரிந்தது. ஏறி வரவும் இல்லை, இறங்கிப் போகவும் இல்லை. குக்கர் சீறிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் ஆனதும் அணைத்தேன். மணி பத்துகூட ஆகவில்லை. மீதி ஞாயிறு முழுவதும் இருந்தது.